எஃப்.ஐ.ஆரில் பெயர் வந்த பிறகு

தமிழ்நாட்டில் ஒரு கைகலப்புக்கு எஃப்.ஐ.ஆர். போட்டால் அதில் பெரும்பாலும் மூன்று பிரிவுகளாவது இருக்கும். முன்பு அவை 294(பி), 323, 506(2). 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால் இப்போது 296(பி), 115(2), 351(3). அசிங்கமாகத் திட்டியது, கையால் அடித்தது, கொலை மிரட்டல் விட்டது. வழிமறித்தார்கள் என்றால் 126(2) சேரும். கட்டை, கம்பி என்று ஏதாவது வந்தால் 118(1).

அந்த ஆண்டுக் கடைசியில் என் சித்தப்பா குடும்பத்தின் மீது வரப்புத் தகராறில் வழக்குப் பதிவானபோது, அந்தத் தாளில் ஐந்தும் இருந்தன. சித்தப்பா ஏ-1, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதலாவது. மூத்த மகன் ஏ-2. சித்தி ஏ-3. போலீஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த கடைசிப் பையன் ஏ-4. அவன் அன்றைக்கு ஊரிலேயே இல்லை.

"எத்தனை வருஷம் உள்ள போடுவாங்க?" என்பதுதான் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி. எல்லா வீட்டிலும் அதுதான் முதல் கேள்வி. பெரிய எண்ணாகச் சொல்லிப் பயமுறுத்த ஊரில் நாலு பேர் எப்போதும் இருப்பார்கள். கொன்றுவிடுவேன் என்று மிரட்டினால் 351(3)-இல் 7 ஆண்டு வரை என்று இருப்பது உண்மைதான். ஆனால் அது உச்ச வரம்பு. சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்றுதான் அந்தப் பிரிவே சொல்கிறது. 115(2)-க்கு ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம். 118(1)-க்கு மூன்றாண்டு வரை. 296-க்கு மூன்று மாதம் வரைதான்.

தண்டனையைப் பார்ப்பதற்கு முன்னால், ஒவ்வொரு பிரிவிலும் போலீஸ் எதையெல்லாம் நிரூபித்தாக வேண்டும் என்று பார்க்க வேண்டும். எங்கள் வக்கீலம்மா முதல் சந்திப்பில் செய்தது இதைத்தான். எஃப்.ஐ.ஆரை மேஜையில் விரித்து, ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே பென்சிலால் எழுதினார். 296(பி)யா? பொது இடமாகவோ அதன் பக்கத்திலோ இருக்க வேண்டும், பேச்சு ஆபாசமாக இருக்க வேண்டும், அதனால் மற்றவர்களுக்குத் தொந்தரவு ஏற்பட்டிருக்க வேண்டும். கோபத்தில் திட்டுவதெல்லாம் இதில் வராது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் பழைய 294(பி) பற்றி இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 351(3)-க்கு, 'கொன்னுடுவேன்' என்ற சொல் வாயில் வந்தது மட்டும் போதாது. எதிராளிக்குக் கிலி ஏற்படுத்தும் நோக்கம் இருந்திருக்க வேண்டும். வரப்பு நடுவே நின்று போட்ட சண்டை பொது இடத்தில் நடந்ததா, பட்டா நிலத்திலா? சித்தப்பா அதுவரை தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். இந்தக் கேள்விக்குத்தான் முதல்முறையாக நிமிர்ந்து பதில் சொன்னார்.

காயம் பற்றியும் அன்றைக்குத்தான் சரியாகப் புரிந்தது. எலும்பு முறிந்தாலோ பல் உடைந்தாலோ சட்டத்தின் கண்ணில் அது கொடுங்காயம். ஆயுதத்தால் கொடுங்காயம் என்றால் 118(2). அதில் குறைந்தபட்ச தண்டனையே ஓராண்டு, அதிகபட்சம் ஆயுள். ஒரு பல், வழக்கின் கனத்தையே மாற்றிவிடும். அதனால்தான் அடிதடி வழக்கில் காயச் சான்றிதழும் அரசு மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியும் அவ்வளவு முக்கியம்.

அந்த ஏ.ஆர். காப்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அடிபட்டவர் ஜி.எச்.சுக்குப் போனதும் டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்: எத்தனை மணிக்கு, எங்கே, எத்தனை பேர், தெரிந்தவர்களா தெரியாதவர்களா, எதால் அடித்தார்கள். அடிபட்டவரோ கூட வந்தவரோ சொல்லச் சொல்ல எழுதுவது அது. ஸ்டேஷனில் புகார் எழுதுவதற்குள் ஊரில் பஞ்சாயத்து பேசியிருப்பார்கள், யாரோ யோசனை சொல்லியிருப்பார்கள், பெயர்கள் கூடியிருக்கும். எங்கள் வழக்கில் ஏ.ஆரில் இருந்தது 'தெரிந்த இரண்டு நபர்கள், கையாலும் குச்சியாலும்'. மறுநாள் பதிவான எஃப்.ஐ.ஆரில் நான்கு பேர், இரும்புக் கம்பி. இதைக் கண்டுபிடித்தது வக்கீலம்மாதான். ஆனால் ஏ.ஆர். என்று ஒன்று இருக்கிறது, அதில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கும் என்று தெரிந்திருந்தால் எந்தக் குடும்பமும் முதல் நாளே வக்கீலிடம் கேட்டிருக்கும்.

எஃப்.ஐ.ஆர். காப்பி கிடைக்கவில்லை என்று பலர் வாரக்கணக்கில் அலைகிறார்கள். பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்ற சில வகைகளைத் தவிர, பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இலேயே சொல்லிவிட்டது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் மாவட்டம், ஸ்டேஷன், எண், ஆண்டு போட்டால் எடுக்கலாம். ஸ்டேஷனில் புகார் கொடுத்தவுடன் தருகிற சி.எஸ்.ஆர். ரசீது வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு. சித்தப்பாவும் அடிபட்டிருந்தார். அவர் கொடுத்த எதிர்ப்புகாருக்கு சி.எஸ்.ஆர். மட்டும்தான் கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு 'நம்ம கேஸும் பதிவாகிடுச்சு' என்று வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். அது எஃப்.ஐ.ஆர். ஆக எஸ்.பி. அலுவலகத்துக்கு மனு போக வேண்டியிருந்தது.

எஃப்.ஐ.ஆர். என்பது தகவல், அவ்வளவுதான். அதில் பெயர் வந்த உடனே கைது செய்ய வேண்டும் என்றும் இல்லை. 7 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் ஏன் கைது தேவை என்று போலீஸ் காரணம் எழுதியாக வேண்டும். தேவையில்லை என்றால் நேரில் வரச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 41ஏ, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 35(3). 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாக்கியது. அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் சொன்னது. வீடியோ காலில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு 'உங்களைக் கைது செய்திருக்கிறோம்' என்று மிரட்டிப் பணம் பறிக்கிற இந்தக் காலத்தில் இதை வீட்டில் உள்ள பெரியவர்களுக்குச் சொல்லி வைப்பது நல்லது.

நோட்டீஸ் வந்தால் போக வேண்டும். போகாமல் ஒளிந்தால் கைதுக்கு நாமே காரணம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். போகும்போது வக்கீலைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். விசாரணை முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாது என்றாலும், விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க உரிமை உண்டு. வெற்றுத் தாளில் மட்டும் எக்காரணம் கொண்டும் கையெழுத்துப் போடக் கூடாது. போலீஸ் பதிவு செய்யும் சாட்சி வாக்குமூலத்தில் சொன்னவர் கையெழுத்து வாங்கவே கூடாது என்கிறது சட்டம். போலீஸிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதலை நீதிமன்றத்தில் நமக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அதை வைத்து ஒரு பொருளைக் கைப்பற்றினால் அந்தப் பகுதி மட்டும் உள்ளே வரும். கைதே நடந்தால், எதற்காக என்று எழுத்தில், புரிகிற மொழியில் காரணம் தர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விருப்பப்பட்ட வக்கீலைக் கலந்து பேசும் உரிமை அரசமைப்பின் 22-ஆவது பிரிவிலேயே இருக்கிறது.

சித்தப்பா, மூத்தவன் இருவருக்கும் முன்ஜாமீன் கிடைத்தது. தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து, இரண்டு ஜாமீன்தாரர்கள். நாற்று நடவு நேரத்தில் தினமும் டவுனுக்குப் போய் வருவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒருநாள்கூட விடக் கூடாது என்பதில் வக்கீலம்மா கறாராக இருந்தார். ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்க முடியும். சில வாரங்களில் தளர்த்தியும் கொடுத்தார்கள்.

இனி வக்கீலைப் பற்றி.

எங்கள் ஊர்ப் பக்கம் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு தன் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். 'வக்கீல் பாத்துக்குவாரு.' அவர் பார்த்துக்கொள்வார்தான். ஆனால் சம்பவம் நடந்த இடத்தில் அவர் இல்லை. யாருக்கும் யாருக்கும் பழைய பகை, வரப்பு எப்போது வெட்டப்பட்டது, சர்வேயர் எப்போது அளந்தார், சாட்சியாகப் போட்டிருக்கும் ஆள் புகார்தாரருக்கு மைத்துனர் என்பதெல்லாம் கேஸ் கட்டில் இருக்காது. நாம்தான் சொல்ல வேண்டும்.

ஏ-4 விஷயம் அப்படித்தான் கிட்டத்தட்ட கைநழுவிப் போனது. தம்பி அன்று திருச்சியில் பயிற்சி மையத்தில் இருந்தான் என்பதை சித்தப்பா வக்கீலம்மாவிடம் சொல்லவே இல்லை. மறைக்கவில்லை, அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, எல்லார் பேரையும்தான் சேர்த்துவிட்டார்களே என்று விட்டுவிட்டார். இரண்டாவது சந்திப்புக்கு அவனும் வந்தபோது, "நீ எங்க நின்ன தம்பி?" என்று வக்கீலம்மா கேட்க, "நான் ஊர்லயே இல்ல மேடம்" என்றான். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அன்றைய வருகைப் பதிவேட்டின் நகல், மையத்தின் கேமரா பதிவு. அந்த மாதிரிக் கேமராக்களில் பழைய பதிவு சில வாரங்களில் அழிந்து அதன் மேலேயே புதியது ஏறிவிடும். இன்னும் கொஞ்ச நாள் தள்ளியிருந்தால் கிடைத்திருக்காது. எல்லாவற்றையும் இணைத்து விசாரணை அதிகாரிக்கு ஒரு மனு, பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு ஒரு நகல். 'வேறு இடத்தில் இருந்தேன்' என்பதைப் பொதுவாக கோர்ட் விசாரணையில்தான் நிரூபிக்க வேண்டும், ஹைகோர்ட்டுக்குப் போனாலும் அதைத்தான் சொல்வார்கள், அதற்கு முன்னால் புலன்விசாரணையிலேயே பதிவாக வைப்பதுதான் நல்லது என்று அவர் விளக்கினார். இறுதி அறிக்கை, அதாவது குற்றப்பத்திரிகை, தாக்கலானபோது அதில் மூன்று பேர்தான் இருந்தார்கள்.

அதனால் வக்கீலிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். நமக்குச் சாதகமானதை மட்டும் சொல்கிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. சித்தப்பா குச்சியால் ஒரு அடி அடித்தது உண்மை. அதை முதலிலேயே சொல்லிவிட்டார். சொன்னதால்தான் யார் முதலில் அடித்தது, தற்காப்பு என்று வாதாட இடமிருக்கிறதா என்று வக்கீலம்மா யோசிக்க முடிந்தது. வக்கீலிடம் சொன்னதை அவர் நம் சம்மதமில்லாமல் வெளியே சொல்ல முடியாது. சாட்சியச் சட்டமே அதைப் பாதுகாக்கிறது. டீக்கடையில் சொன்னதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'மோதிப் பார்' என்று போட்டதற்கும் இல்லை. மூத்தவனை ஸ்டேட்டஸ் வைக்காமல் தடுப்பதே அந்த மாதங்களில் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. புகார்தாரர் வீட்டுக்குப் போய் 'பேசிப் பார்க்கிறேன்' என்று கிளம்புவதும் ஆபத்து. சாட்சியை மிரட்டினார்கள் என்று ஒரு மனு வந்தால் ஜாமீனே போய்விடும்.

ஃபீஸை வெளிப்படையாகப் பேசிக்கொள்ளத் தயங்க வேண்டாம். ஜாமீனுக்கு எவ்வளவு, விசாரணைக்கு எவ்வளவு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனியாகவா, குமாஸ்தா செலவு, நகல் செலவு எல்லாம் முதலிலேயே கேட்கலாம். ஜெயித்தால் இவ்வளவு என்று முடிவை வைத்து ஃபீஸ் பேச வக்கீல் தொழில் விதிகள் அனுமதிப்பதில்லை. 'கண்டிப்பா விடுதலை', 'ஜட்ஜ் நமக்கு வேண்டியவர்' என்று ஒருவர் சொன்னால் அந்த அறையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வக்கீலை மாற்ற வேண்டும் என்றால் மாற்றலாம். ஃபீஸ் பாக்கியைக் காட்டிக் கட்டைத் தர மறுக்கக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதே சமயம், போன் எடுக்கவில்லை என்பதற்காக வாய்தாவுக்கு வாய்தா வக்கீலை மாற்றுபவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு புது வக்கீலும் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியிருக்கும், நஷ்டம் யாருக்கு?

பணமில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. சித்திக்கே அந்த உரிமை இருந்தது. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். 'கவர்மென்ட் வக்கீல் சரியா வாதாட மாட்டாரு' என்று அதை ஒதுக்கிவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கும். இலவச வக்கீலும் நாம் கொடுக்கும் தகவலை வைத்துத்தான் வேலை செய்கிறார், காசு வாங்கும் வக்கீலைப் போலவே.

எவ்வளவு மோசமான குற்றம் சாட்டப்பட்டவருக்கும் வக்கீல் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. கோயம்புத்தூரில் வக்கீல்களுக்கும் போலீஸாருக்கும் மோதல் வந்தபோது, குற்றம் சாட்டப்பட்ட போலீஸாருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று அங்குள்ள வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டது. அது உச்ச நீதிமன்றம் வரை போய், 2010 டிசம்பரில் அப்படிப்பட்ட தீர்மானங்கள் எதுவும் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. இன்றைக்கும் ஏதாவது கொடூரம் நடந்தால் 'அவனுக்கு எந்த வக்கீலும் போகக் கூடாது' என்று எழுதுகிறார்கள். ஊரிலே இல்லாத ஒருவன் பெயர் எஃப்.ஐ.ஆரில் எவ்வளவு சுலபமாக ஏறுகிறது என்று பார்த்துவிட்டதால், அப்படி எழுதுபவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

குற்றப்பத்திரிகை வந்ததும், சாட்சி வாக்குமூலம், மகஜர் (சம்பவ இடத்தையும் கைப்பற்றிய பொருளையும் பற்றிப் போலீஸ் எழுதும் குறிப்பு), மருத்துவச் சான்று எல்லாவற்றின் நகலும் நமக்குத் தர வேண்டும். புதிய சட்டத்தில் நீதிமன்றத்தில் ஆஜரான நாளிலிருந்து 14 நாட்களுக்குள். அதை வக்கீலிடம் கொடுத்துவிட்டு வராமல், ஒரு ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். நாங்கள் படித்தோம். ஆறு சாட்சிகளின் வாக்குமூலமும் வரிக்கு வரி ஒன்றாக இருந்தது, ஒரே எழுத்துப்பிழைகூட எல்லாவற்றிலும் இருந்தது. அதில் ஒருவர் அந்த நேரத்தில் ரேஷன் கடையில் நின்றதை சித்தி நினைவில் வைத்திருந்தார். இன்னொருவர் நின்றதாகச் சொல்லும் இடத்திலிருந்து வரப்பு தெரியாது, நடுவில் வைக்கோல் போர். இதையெல்லாம் நாங்கள் ஒரு நோட்டில் பக்க எண்ணோடு எழுதிக் கொடுத்தோம். குறுக்கு விசாரணையில் வக்கீலம்மா கேட்ட கேள்விகளில் பல அந்த நோட்டிலிருந்து போனவை. ஆதாரமே போதவில்லை என்றால் விடுவிப்பு மனு போடலாம். அதற்கு நகல் கிடைத்ததிலிருந்து 60 நாள் கெடு. காகிதத்தைப் பீரோவில் வைத்துவிட்டு அடுத்த வாய்தாவுக்குக் காத்திருந்தால் அது ஓடிவிடும்.

பெரிய சோதனை இதற்கு இடையில் வந்தது. கோர்ட் வாசலில் ஒருவர், 'சின்ன கேஸ்தானே, ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போங்க, அலைச்சல் மிச்சம்' என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வாய்தா வாய்தாவாக ஒருநாள் கூலியும் பஸ் செலவும் போய்க்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு அது நல்ல யோசனையாகத்தான் தெரியும். ஆனால் அபராதம் கட்டினாலும் அது தண்டனைதான்; குற்றவாளி என்ற தீர்ப்பு அது. மூத்தவன் வெளிநாட்டு வேலைக்கு முயன்றுகொண்டிருந்தான். வழக்கு நிலுவையில் இருந்தாலே பாஸ்போர்ட்டுக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். அது தற்காலிகத் தடை. தண்டனை அப்படிப் போகாது. இந்த ஒரு முடிவை வக்கீலைக் கேட்காமல், பின்விளைவு எல்லாம் தெரியாமல் யாரும் எடுக்கக் கூடாது என்று கையைப் பிடித்துச் சொல்வேன். சமாதானமாகப் போக நினைத்தால் அதற்கு முறையான வழி இருக்கிறது. 115(2) போன்றவற்றை இரு தரப்பும் சமரசம் செய்துகொள்ளலாம். 296 போன்றவற்றை அப்படி முடியாது, ஹைகோர்ட்டில் ரத்து கேட்க வேண்டும். எங்கள் எதிர்த்தரப்பு அதற்கு ஒத்துவரவில்லை.

வாய்தா விஷயத்தில் ஒன்றுதான் முக்கியம். வர முடியாவிட்டால் அன்றைக்கே வக்கீலிடம் சொல்லி மனு போட வேண்டும். பழைய 317 மனு, கோர்ட்டில் இன்னும் அந்த எண்ணைத்தான் சொல்கிறார்கள். சொல்லாமல் விட்டால் பிடிவாரண்ட். அடுத்த தேதியை வழக்கின் சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி எண்) போட்டு இ-கோர்ட்ஸ் செயலியில் நாமே பார்க்கலாம். சித்தி அதைக் கற்றுக்கொண்டு, இப்போது வக்கீலம்மாவுக்கே தேதி சொல்கிறார்.

மூன்று பேர் மீதான விசாரணை இன்னும் நடக்கிறது. டாக்டரை விசாரிக்க வேண்டும், ஏ.ஆரை எழுதியவர் அவர்தான்.

தம்பி இந்த ஆண்டு தேர்வுக்கு விண்ணப்பித்தான். குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டிருக்கிறீர்களா என்ற கேள்வி வந்த இடத்தில் நின்றுவிட்டான். பேர்தான் நீங்கிவிட்டதே, 'இல்லை' என்று போட்டுவிடலாமா? தமிழ்நாட்டில் காவலர் பணி விதிகள் இதில் கடுமையானவை. சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானவரையும்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதுகிறது அந்த விதி. அதனால்தான் பேரைப் புலன்விசாரணைக் கட்டத்திலேயே எடுக்க வைக்க வக்கீலம்மா அவ்வளவு அவசரப்பட்டிருக்கிறார். மறைத்தது பின்னால் தெரிந்தால் கிடைத்த வேலையும் போகலாம் என்பதற்கு 2016-இல் உச்ச நீதிமன்றம் தந்த அவதார் சிங் தீர்ப்பு இருக்கிறது. வக்கீலம்மாவிடம் போன் போட்டுக் கேட்டோம். "உள்ளதை எழுதச் சொல்லுங்க. எஃப்.ஐ.ஆர். எண், தேதி, இறுதி அறிக்கையில பேரு நீக்கினது, எல்லாத்தையும். சான்றிட்ட நகலும் வெச்சிடுங்க" என்றார். 'ஆம்' என்று எழுதி, நகலை இணைத்து அனுப்பியிருக்கிறான்.